சங்கு சொன்ன சேதி

மூடுபனியில் கார் ஓட்டுகிறீர்கள். பாதை தெரியவில்லை. ஓரங்கட்டி, விளக்கைப் போட்டுவிட்டு டீக்கடை தேடுவீர்கள். கப்பலுக்கு அந்த வசதி கிடையாது. பிரேக் என்ற சமாசாரமே இல்லையே! அந்தக் காலத்தில் விளக்கும் சங்கும்தான் கதி.

கப்பலின் வலப் பக்கம் பச்சை விளக்கு, இடப் பக்கம் சிவப்பு. பனி மூடிவிட்டால் சங்கு பேசும். நீளமாக ஒரு முறை ஊதினால், ‘வந்துகொண்டிருக்கிறேன்’. நீளமாக இரண்டு, ‘நின்றுவிட்டேன்’. குட்டையாக மூன்று, ‘எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டுகிறேன்’.

1914, மே 29. அதிகாலை இரண்டு மணி சுமாருக்கு, கனடாவின் செயின்ட் லாரன்ஸ் நதியில் (பெயர்தான் நதி, அந்த இடத்தில் கடல் மாதிரி அகலம்!) ‘எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து’ 1,477 பேருடன் லிவர்பூலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கேப்டன் ஹென்றி கெண்டல். 1910-ல் மாறுவேடத்தில் கப்பலேறிய கொலைகாரன் டாக்டர் கிரிப்பனை அடையாளம் கண்டு, ஒயர்லெஸ்ஸில் போட்டுக்கொடுத்தாரே, சாட்சாத் அவரேதான்!

எதிரே நிலக்கரி ஏற்றிய நார்வே கப்பல் ‘ஸ்டோர்ஸ்டாட்’. அதன் பச்சை விளக்கைப் பார்த்த கெண்டல், ‘பச்சைக்குப் பச்சை, விலகிவிடலாம்’ என்று கணக்குப் போட்டார். ஸ்டோர்ஸ்டாட்டின் தலைமை அதிகாரியோ, தான் பார்த்தது எம்ப்ரஸின் சிவப்பு விளக்கு என்று பிற்பாடு சாதித்தார். அந்த நேரம் பார்த்தா பனி வந்து மூட வேண்டும்?

கெண்டல் குட்டையாக மூன்று ஊதினார். அங்கிருந்து பதில், நீளமாக ஒன்று. பிறகு நீளமாக இரண்டு ஊதி, ‘நின்றுவிட்டேன்’ என்றார். எல்லாம் காதில் விழத்தான் செய்தது. ஆனால், பனிக்குள் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யாரால் சத்தியம் பண்ண முடியும்? சிவப்பை நம்பிய அதிகாரி, கேப்டனைக் கேட்காமலே கப்பலை வலப் பக்கம் திருப்பினார். ஸ்டோர்ஸ்டாட்டின் மூக்கு எம்ப்ரஸின் வலது விலாவில் இறங்கியது.

பதினாலே நிமிடம்! டைட்டானிக்கில் பட்ட பாடத்தால் உயிர்காக்கும் படகுகள் தாராளமாகவே இருந்தன. கப்பல் சாய்ந்த வேகத்தில் பெரும்பாலானவற்றை இறக்கவே முடியவில்லை. 1,012 பேர் போனார்கள். 138 குழந்தைகளில் பிழைத்தது நாலே நாலு.

டைட்டானிக்கை விசாரித்த அதே மெர்ஸி பிரபுதான் இதையும் விசாரித்தார். பனிக்குள் திசை மாற்றிய ஸ்டோர்ஸ்டாட் அதிகாரி மீதுதான் தப்பு என்றார். நார்வே தனியாக விசாரித்தது. தப்பு எம்ப்ரஸ் மீது என்றது! அவரவர் கப்பல் அவரவருக்கு. என்னைக் கேட்டால் மெர்ஸி பக்கம்தான் சாய்வேன்.

ஸ்டோர்ஸ்டாட் 1917-ல் ஜெர்மன் டார்பிடோவுக்கு இரையானது. எம்ப்ரஸ் இன்னும் அங்கேயே, சுமார் நாற்பது மீட்டர் ஆழத்தில், அடிபட்ட வலப் பக்கம் கீழே இருக்க, ஒருக்களித்துக் கிடக்கிறது.