மருமகன் தேர்ந்த வரி

சிவகாசிக்கு அடுத்த திருத்தங்கலில் என் தங்கை வீடு. 2012-ஆம் ஆண்டு, அரசாங்கம் கொடுத்த மடிக்கணினியை அவள் மகன் பள்ளிக்கூடத்திலிருந்து சுமந்து வந்த அன்று நான் அங்கே இருந்தேன். பட்டாசுக் குழாய் சுற்றும் காகிதங்களை ஒதுக்கிவிட்டு அதைத் தரையில் வைத்துப் பொத்தானை அழுத்தினான். திரையில் இரண்டு பெயர்கள் தோன்றின. ஒன்று பாஸ் லினக்ஸ், மற்றது விண்டோஸ். பயல் யோசிக்கவே இல்லை, விண்டோஸைத் தட்டினான்.

"இன்னொண்ணு என்னடா?" என்றேன்.

"அது வேணாம் மாமா. அதுல வைஸ் சிட்டி ஓடாது."

ஒரு சர்க்கார் முயற்சியின் தலைவிதியை இவ்வளவு சுருக்கமாக எந்த விசாரணைக் கமிஷனும் எழுதியிருக்க முடியாது.

அவன் ஒதுக்கிய பெயருக்குப் பின்னால் நீண்ட கதை உண்டு. கணினியை இயக்கும் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற கொள்கையோடு, அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதினார். இரண்டும் சேர்ந்த தொகுப்புகளில் ஒன்று, 1993-இல் பிறந்த டெபியன். அதை எடுத்து, தமிழ் முதலான இந்திய மொழிகளைச் சேர்த்துச் சென்னை சி-டாக் நிறுவனத்தார் 2007-இல் வெளியிட்டதே பாஸ். அதே காலத்தில் எல்காட் நிறுவனமும், மேலாண்மை இயக்குநர் உமாசங்கரின் முயற்சியால், சூசி லினக்ஸுக்கு மாறியது. 2011 செப்டம்பரில் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸும் கூடவே வந்தது.

எங்கள் பக்கத்துக்கு இது புரியாத தத்துவமல்ல. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்று வந்தார்கள். அது இரண்டு வீட்டோடு நின்றிருந்தால் இந்தக் கரிசல் மண்ணில் இத்தனை ஆலைகள் ஏது? ஆனால் அன்று கற்க விரும்பியவனுக்குப் பக்கத்துப் பட்டறை இருந்தது. என் மருமகனுக்கு லினக்ஸைச் சொல்லித் தரத் தெருவில் ஆளில்லை. விண்டோஸுக்கோ கடைக்காரர், கூட்டாளி, கைமாறும் பென் டிரைவ் என்று ஒரு பட்டாளமே இருந்தது.

விளையாட்டுதானே என்று பெரியவர்கள் அலட்சியம் செய்ததும் பிசகு. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் 1993-லேயே தொடங்கியதுதான். அதைப் பழக்குவதற்குள் பிள்ளைகளின் பொறுமை போய்விடும். 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் அந்த வைனை ஆதாரமாகக் கொண்டு புரோட்டானை வெளியிட்டது. 2022-இல் லினக்ஸிலேயே இயங்கும் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி வந்தது. விண்டோஸுக்கென்று எழுதிய ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இப்போது அதிகச் சிரமமின்றி லினக்ஸில் ஓடுகின்றன. வாலரண்ட் போல, ஏமாற்றுவோரைப் பிடிக்கும் காவலை விண்டோஸின் அடிமடியில் வைத்திருக்கும் சிலதான் இன்னும் அடம் பிடிக்கின்றன.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. மருமகனின் இப்போதைய வீட்டுக் கணினி, பதினொன்றை ஏற்காத பழசு. அந்தத் தீபாவளி விடுமுறையில் அவனாகவே லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, வட்டைத் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்த்தான். வைஃபை கிடைத்தது; ஒலி வந்தது; பிரிண்டர் அசைந்தது. பிறகுதான் நிறுவினான். தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. தங்கை தன் மகளிர் குழுக் கணக்கை லிப்ரே ஆபீஸில் போடுகிறாள். பழைய வைஸ் சிட்டியும் ஓடியது. அதைக் காட்டத்தான் என்னைக் கூப்பிட்டான்.

அவன் வேலை செய்யும் அச்சகத்தில் கதை வேறு. அங்கே பேஜ்மேக்கர், அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001-இல். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் காலண்டர்க் கோப்புகள் வருஷக்கணக்காக அடுக்கிக் கிடக்கின்றன. ஒரு கணினியிலாவது மாற்றிப் பார்க்கலாமா என்று முதலாளியிடம் கேட்டானாம்.

"ராகுகாலம் எழுத்து மாறி அச்சாயிருச்சுன்னா யாருப்பா பதில் சொல்றது?" என்றாராம் அவர்.