தட்டான் எழுத்து

சென்ற வாரம் புதுச்சேரியை அடுத்த வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக் கும்பினியின் கைக்கு வந்ததைப் பார்த்தோம். அந்தக் காலத்தில் புதுச்சேரித் துறைக்கு வெள்ளி கப்பலில்தான் வந்தது, பெரும்பாலும் ஸ்பெயின் நாட்டுப் பியாஸ்தர் நாணயங்களாக. ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் 1736இல் கொடுத்த அனுமதியின் பேரில் கவர்னர் துய்மா இங்கே ரூபாய் அடிக்கத் தொடங்கினார். ஸ்பானிய ராஜாவின் பெயர் உருகி, மொகலாயப் பாதுஷாவின் பெயராக மாறியது.

வெள்ளிக்கு நிலையான உருவம் கிடையாது. பணமுடை வந்தால் முதலில் உலைக்குப் போவது அதுதான். ஏழாண்டுப் போரில் கஜானா வற்றியதும், 1759இல் பிரான்சின் பதினைந்தாம் லூயி தன் சாப்பாட்டு மேசை வெள்ளியையே பாரிஸ் நாணயச் சாலைக்கு அனுப்பி, பிரபுக்களையும் அனுப்பச் சொன்னார். அதே போரில் 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. ஊரையே இடித்துத் தள்ளினார்கள். கவர்னர் துய்ப்ளேக்ஸ் விருந்து வைத்த தட்டுகளை இனி இங்கே தேடுவது வீண்வேலை.

தப்பிப் பிழைத்த வேலைப்பாட்டைப் பார்க்க 19ஆம் நூற்றாண்டு மதராசுக்குத்தான் போகவேண்டும். மவுண்ட் ரோடு பி. ஓர் அண்ட் சன்ஸ் கடை விற்ற தேநீர்க் கெண்டிகளிலும் தட்டங்களிலும் நம் தெய்வங்கள் வரிசையாக நிற்கின்றன. அதனால்தான் அதற்குச் ‘சுவாமி வேலை’ என்று பெயர். தசாவதாரத்தைச் சுற்றிலும் நிறுத்தி வைத்துக்கொண்டு துரைசானி தேநீர் ஊற்றியதை ஆசாரிகள் எப்படி எடுத்துக்கொண்டார்களோ!

சுத்த வெள்ளி மெத்தென்று இருக்கும். ஆயிரம் பங்கில் 925 வெள்ளியும் மீதி பெரும்பாலும் செம்புமாகக் கலந்தால் கொஞ்சம் விறைக்கும், அதுதான் ஸ்டெர்லிங். குங்கிலியமும் செங்கல் தூளும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய அரக்கின் மேல் தகட்டைப் பதித்து, மொட்டை உளியால் பின்பக்கமிருந்து தட்டுவார்கள். முன்பக்கம் தெய்வத்தின் தோளும் வயிறும் புடைத்து எழும்பும். அடிக்க அடிக்க வெள்ளி இறுகிப்போகும். நெருப்பில் வாட்டி இளக்காமல் மேலே தட்டினால் கீறல் விழும். பிறகு திருப்பிப் போட்டு, மெல்லிய உளிகளால் கண்ணும் நகையும் மடிப்பும் தீர்க்க வேண்டும். கெண்டி என்றால் உள்ளே அரக்கை ஊற்றி நிரப்பிக்கொண்டு வெளியிலிருந்து வேலை. ஒரு அடி பிசகினால் தகடு கிழியும். தஞ்சாவூர்த் தட்டில் வெள்ளி உருவங்களை எழுப்புவதும் இதே புடைப்பு முறைதான்.

இத்தனை பாடுபட்டும் அடியில் இருப்பது கடையின் முத்திரை. ஆசாரியின் பெயர் இல்லை. இது நம்மூர் வழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. 1879இல் கிடைத்த பாகூர்ச் செப்பேட்டைப் பாருங்கள். பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், பாகூர் வித்தியாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் கொடுத்ததைச் சொல்லும் ஐந்து ஏடுகள். செம்பு என்பதால் உலைக்குத் தப்பியதோ என்னவோ! அரசனின் குலப்பெருமை, தானம், எல்லைகள் எல்லாம் முடிந்தபின், கச்சிப்பேட்டு (காஞ்சிபுரத்து) உதிதோதயப் பெருந்தட்டான் இது தன் எழுத்து என்று வெட்டி வைத்திருக்கிறார்.