பிளான்: ஒரு சொல் விளக்கம்

ஆங்கிலத்தின் 'பிளான்', 'சமதளமான' என்று பொருள்படும் 'பிளானுஸ்' என்ற இலத்தீன் சொல்லோடு தொடர்புடையது. பிரெஞ்சின் வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது அது தட்டையான தாளில் வரைந்த கட்டட வரைபடத்தையே குறித்தது, செயலுக்கு முன்னே மனத்தில் வகுத்துக்கொள்ளும் வழிமுறை என்ற பொருள் அதிலிருந்து பின்னர்க் கிளைத்தது. இவ்விரு பொருள்களையும் கன்னடம் தனித்தனிச் சொற்களில் பிரித்து வைத்திருக்கிறது: வரைபடம் 'நக்ஷே', வகுத்த வழிமுறை 'யோஜனே'. முன்னது அரபு மூலமுடையது; பின்னது 'இணைத்தல்' என்னும் பொருளுடைய 'யுஜ்' என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது. தமிழின் 'திட்டம்' இவற்றினின்று வேறானது. குழம்பில் உப்பு திட்டமாக இருக்கிறது என்னும்போது அச்சொல் சரியான அளவையே உணர்த்துகிறது.

பெங்களூரில் வீடு கட்டுவோர் 'பிளான் சாங்ஷன் ஆயிற்றா' என்று கேட்கும்போது, அளவுகள் குறித்த வரைபடத்துக்கு உள்ளாட்சி அமைப்பு அளிக்கும் ஒப்புதலையே கருதுகிறார்கள். சொல் தன் பழைய பொருளுக்கே திரும்பிவிடுகிறது. 'மாஸ்டர் பிளான்' என்னும்போதோ, 1976இல் அமைந்த பெங்களூரு வளர்ச்சி ஆணையம் நகர் முழுவதற்கும் வகுத்த நிலப் பயன்பாட்டுத் திட்டமும் அதற்குரிய வரைபடங்களும் ஒருங்கே சுட்டப்படுகின்றன. 2007இல் ஒப்புதல் பெற்ற திட்டத்துக்கு 2015 என்ற இலக்காண்டே பெயரில் அமைந்தது. ஆண்டு கடந்துவிட்டால் பெயரே முதுமையை அறிவித்துவிடும் என்பது இம்முறையின் சிறு வேடிக்கை.