கைத்துப்பாக்கி மருந்து

கைத்துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் அடைக்கப்பட்டு, எரிந்து வாயுவாகி, குண்டை முன்னே தள்ளும் பொருள். கூடு, கேப், மருந்து, குண்டு என்ற நான்கில் வெளியே தெரியாதது மருந்து ஒன்றுதான். குண்டின் வேகமும் சுடுபவரின் பாதுகாப்பும் அதை நம்பியே இருக்கின்றன. எந்த மருந்து என்ற கேள்வி, அது எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்ற கேள்வியே. அறுநூறு ஆண்டுகளுக்கு மேலான துப்பாக்கி வரலாற்றில் அந்த வேகத்தைக் கட்டுப்படுத்த மனிதர் கற்றுக்கொண்டது கடைசி நூற்றைம்பது ஆண்டுகளுக்குள்தான்.

அதற்கு முன் இருந்தது கரிமருந்து. வெடியுப்பு 75 பங்கு, மரக்கரி 15, கந்தகம் 10 என்பது அதன் வழக்கமான கலவை. கும்பெனி ஆட்சியிலேயே சென்னையில் மருந்து ஆலைகள் இருந்தன. புளியந்தோப்பின் பவுடர் மில்ஸ் சாலை அந்தத் தொழிலின் பெயரை இன்றும் சுமக்கிறது. பூந்தமல்லியில் படைமுகாமும், பரங்கிமலையில் மதராஸ் பீரங்கிப்படையின் தலைமையிடமும் இருந்த காலத்தில் பீரங்கிக்கும் கைத்துப்பாக்கிக்கும் ஒரே கலவைதான். பீரங்கிக்குப் பெரிய பருக்கை, கைத்துப்பாக்கிக்குப் பொடிப்பருக்கை என்பதே அன்றைய தேர்வு. கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக்கழிவாக மிஞ்சும். குழலில் கரி அப்பும், புகை கண்ணை மறைக்கும், ஈரக்காற்று பட்டால் ஒரே இரவில் துரு ஏறும்.

கையால் மருந்து இடும் வழக்கம் சென்னையின் மேற்கில் நெடுங்காலம் இருந்தது நரிக்குறவர்களிடம். ஆவடி வட்டாரத்தில் அவர்களுக்குக் குடியிருப்புகள் உண்டு. வேட்டை அவர்களுடைய குலத்தொழில், நாட்டுத் துப்பாக்கி அதன் கருவி. குழல் வாய் வழியே கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை உருட்டித் திணித்து, கம்பியால் இடித்து, ரவைகளைப் போட்டு, மேலே மீண்டும் நார் வைத்து, கடைசியில் கேப்பைப் பொருத்துவார்கள். எந்தக் குழல் எவ்வளவு தாங்கும், மழைக்கால மருந்தை எப்படி உலர வைப்பது என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கைக்கு வந்த அறிவு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தபோது அந்த அறிவுக்கு வேலை இல்லாமல் போனது. இந்த இழப்பைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

வேதியியல் பக்கத்தில் திருப்பம் 1846இல் வந்தது. பஞ்சை நைட்ரிக், கந்தக அமிலங்களில் ஊறவைத்து வெடிபஞ்சு செய்யலாம் என்று ஷோன்பைன் கண்டார். அடுத்த ஆண்டில் சொப்ரேரோ நைட்ரோகிளிசரினை உருவாக்கினார். இரண்டுமே துப்பாக்கிக்குள் வைக்க முடியாத அளவுக்கு வேகமானவை. 1884இல் பிரான்சின் பால் வியேய் வெடிபஞ்சைக் கரைப்பானில் குழைத்து, தகடாக்கி நறுக்கியபோதுதான் அது அடங்கியது. குழைந்த பொருள் மேற்பரப்பிலிருந்து அடுக்கடுக்காக எரியும். ஆகவே தகட்டின் கனத்தை வைத்தே எரியும் நேரத்தைத் தீர்மானிக்கலாம். ஒரே புளிய மரத்தின் சிராய் சட்டென்று பற்றி அணைவதும் கட்டை நின்று எரிவதும் இந்தக் கணக்கில்தான். ஆல்ஃபிரட் நோபல் 1887இல் வெடிபஞ்சையும் நைட்ரோகிளிசரினையும் சேர்த்து பாலிஸ்டைட் செய்தார். 1889இல் ஏபெலும் டூவாரும் பிரிட்டனுக்காகக் கார்டைட் செய்தார்கள். அதில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம், வெடிபஞ்சு 37, வாசலின் 5. பார்வைக்கு மெல்லிய இழைக்கட்டு. ரைஃபிளுக்குத் தடித்த இழை, ரிவால்வருக்கு அதைவிட மெல்லிய இழை.

தானியங்கிக் கைத்துப்பாக்கி பிறந்ததற்கும் இந்தப் புதிய, புகையில்லா மருந்துகளே காரணம். கரிமருந்தின் கழிவு சில முறை சுட்டதுமே அந்தத் துப்பாக்கியின் நுண்ணிய பொறியமைப்பை அடைத்துவிடும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட பிரௌனிங், புகையில்லா மருந்தை நம்பி வடிவமைக்கப்பட்ட அந்தப் புதுத் தலைமுறையைச் சேர்ந்தது.

தமிழ்நாட்டில் இந்த வேதியியல் வேரூன்றிய இடம் நீலகிரி. குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே, வெல்லிங்டன் படைமுகாமுக்கு அருகில், அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை 1903இல் தொடங்கப்பட்டது. மலை ரயில் அதற்கு முன்பே, 1899இல், குன்னூரை எட்டியிருந்தது. காட்டேரி அருவியின் நீரிலிருந்து மின்சாரம் கிடைத்தது. குளிரும் உதவியது. வெப்பம் ஏற ஏற வெடிபஞ்சு வேகமாகச் சிதையும், கரைப்பான் விரைந்து ஆவியாகும். சமவெளியின் சித்திரை வெயிலில் ஓயாமல் போராட வேண்டிய இரண்டு சிக்கல்களுக்கு மலையின் தட்பவெப்பமே பாதி மருந்து. தொழிற்சாலை எழும்போது கார்டைட்டின் கலவையும் மாறியிருந்தது. நைட்ரோகிளிசரின் மிகுந்த பழைய வகை, சூட்டினால் குழலின் உட்புறத்தை அரித்ததால், 1901இல் அதன் பங்கு 30 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. முதல் உலகப் போரில் கரைப்பானான அசிட்டோனுக்குப் பஞ்சம் வந்தபோது, மக்காச்சோளத்தை நொதிக்கவைத்து அதைப் பெறும் முறையை கைம் வைஸ்மான் பிரிட்டனுக்குத் தந்தார்.

இன்று மருந்தின் வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஆவடியைவிட நல்ல இடம் இல்லை. 1965இல் இங்கே கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த விஜயந்தா டாங்கியின் 105 மில்லிமீட்டர் பீரங்கிக் குழல் ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். குண்டு அதைக் கடக்கும்வரை மருந்து நின்று எரிய வேண்டும். அதனால் பீரங்கி மருந்தில் துளைகளிட்ட தடித்த உருளைகள் வழக்கம். துளைகள் அகல அகல எரியும் பரப்பும் கூடும். அதே ஆவடியில் மத்திய ரிசர்வ் காவல் படையினரும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையினரும் கையாளும் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியின் குழல் ஒரு சாண்கூட இருக்காது. குண்டு வெளியேறுவதற்குள் மருந்து முழுக்க எரிந்து தீர வேண்டும். ஆகவே மெல்லிய செதில் அல்லது நுண்ணிய உருண்டை. டாங்கி மருந்தைக் கைத்துப்பாக்கித் தோட்டாவில் இட்டால் எரியாத துணுக்குகள் குழல் வாயில் சிதறும், குண்டு வழியிலேயே சிக்கவும் கூடும். வேக மருந்தைப் பெரிய குழலில் இட்டால் அழுத்தம் ஏறி உலோகமே பிளக்கும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. இந்தியாவில் உரிமம் பெற்ற பலரிடம் உள்ள .32 ரிவால்வரின் தோட்டா 1896இல் வடிவமைக்கப்பட்டது. கரிமருந்துக் கால அளவில் செய்த கூட்டில் வேகமான புகையில்லா மருந்து சிறு பகுதியையே நிரப்பும். தவறி இரண்டு முறை இட்டாலும் கூடு நிரம்பி வழியாது. அமெரிக்காவில் தோட்டாவை வீட்டிலேயே மறுபடி அடைப்பவர்கள், 1898 முதல் விற்பனையில் உள்ள புல்ஸ்ஐ போன்ற வேக மருந்தைக் கையாளும்போது ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் எட்டிப் பார்ப்பது இதனால்தான்.

இந்தியாவில் எந்த மருந்தை இடுவது என்ற தேர்வு தனிமனிதர் கையில் இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019 திருத்தம் அதற்குக் குறைந்தபட்சம் ஏழு ஆண்டுச் சிறையும் அதிகபட்சம் ஆயுள் சிறையும் விதித்தது. .32 தோட்டா புனேயை அடுத்த கட்கித் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது கட்கியும் அருவங்காடும் மியூனிஷன்ஸ் இந்தியாவின் கீழ் வந்தன. டாங்கி செய்யும் ஆவடி, கவச வாகன நிறுவனமான ஆர்மர்ட் வெஹிகிள்ஸ் நிகாமின் தலைமையிடம் ஆனது.