தமிழ் நூல்களின் உட்பிரிவு அடுக்கும் கணினிக் குறிமொழியும்

ஒரு நூலைப் பெரிய பகுதி, அதனுள் சிறிய பகுதி என அடுக்கடுக்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தலைப்பிடுவதே உட்பிரிவு அடுக்கு ஆகும். இதற்குத் தமிழில் கிடைக்கும் பழைய இலக்கணம் தொல்காப்பியச் செய்யுளியலில் உள்ளது. சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என நூலின் நான்கு அடுக்குகளை அது கூறுகிறது. உரையாசிரியர்கள் ஓத்தினை இயல் என்றும், படலத்தை அதிகாரம் என்றும் கொண்டனர். இவை எல்லாம் அடங்கிய முழுநூலே பிண்டம். தொல்காப்பியமே 3 அதிகாரம், அதிகாரத்திற்கு 9 இயல் என இவ்வாறு அமைந்ததுதான்.

ஆனால் பெயரை வைத்து அடுக்கை அறிய முடியாது. தொல்காப்பியத்தில் அதிகாரத்தினுள் இயல் அடங்கும். திருக்குறளில் இயலுக்குள் அதிகாரம் அடங்கும். கம்பராமாயணத்தில் படலம் காண்டத்தின் கீழ் வரும். சிலப்பதிகாரத்தில் காண்டத்தின் கீழ் வருவது காதை. சீவக சிந்தாமணியிலோ 13 இலம்பகங்கள்.

ஓலைச்சுவடியில் செய்யுளும் பெரும்பாலும் அடி பிரிக்கப்படாமல் தொடர்ந்தே எழுதப்பட்டது. அடியை முறித்து, பாட்டுக்கு எண்ணிட்டு, தலைப்பைத் தனியே நிறுத்தியது அச்சுக் காலத்தின் பணி. 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோரின் உழைப்பில் இதற்கும் பெரும் பங்குண்டு.

கணினிக்கு வந்தபோது

1986இல் எஸ்.ஜி.எம்.எல் குறிமொழி பன்னாட்டுத் தரமாயிற்று. அதன் வழியில் வந்த எச்.டி.எம்.எல், தலைப்புகளுக்கு 1 முதல் 6 வரை நிலைகளை வகுத்தது. 1987இல் தொடங்கிய டி.இ.ஐ முயற்சி வேறொரு வழியையும் தந்தது: 'பிரிவு' என்னும் ஒரே குறியை ஒன்றினுள் ஒன்றாக அடுக்கி, அது இயலா அதிகாரமா என்பதைப் பண்பாகக் குறிக்கலாம். தமிழ் நூல்களுக்கு இதுவே பொருத்தமானது. அதிகாரம் என்றால் இரண்டாம் நிலை என்று முன்கூட்டியே முடிவு செய்தால், தொல்காப்பியமும் குறளும் ஒரே வார்ப்பில் அடங்கா.

குறளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதிகாரத்தினுள் குறள்களின் வரிசை மணக்குடவர் உரையில் ஒன்று, பரிமேலழகர் உரையில் வேறு. இன்று வழங்கும் 1 முதல் 1330 வரையான எண்கள் பரிமேலழகர் வைப்பைத் தழுவியவை. இயல் பகுப்பும் உரைக்கு உரை மாறும். ஆகவே குறளுக்கு நிலையான அடையாளம் ஒன்றும், உரைவரிசை வேறொன்றுமாகக் குறிப்பது தேவை. இல்லையேல் மாணவர் மேற்கோள் காட்டும் எண் வேறு குறளுக்குக் கொண்டு செல்லும்.

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தமிழ்த் தன்னார்வலரைக் கொண்டு நூல்களை மின்னுரையாக்கியது. தாம்பரத்துக்குக் கிழக்கே பெரும்பாக்கத்தில் 2022 முதல் சொந்தக் கட்டடத்தில் இயங்கும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் ஆய்வுப் பரப்பில் 41 செவ்வியல் நூல்கள் உள்ளன. இத்தகைய நூல்களைத் தட்டச்சு செய்வது பாதி வேலைதான். இன்றும் பலர் தலைப்பைத் தடித்த எழுத்தாக்கிப் பெரிதாக்குவதோடு நிறுத்திவிடுகின்றனர். கண்ணுக்கு அது தலைப்பு. திரைவாசிப்பான் கொண்டு படிக்கும் பார்வையற்ற மாணவருக்கோ அது மற்றுமொரு வரி. நிலை குறிக்கப்பட்டிருந்தால் ஒரு விசையில் அடுத்த இயலுக்குத் தாவலாம். இல்லையென்றால் முதல் நூற்பாவிலிருந்து வரிவரியாகக் கேட்டுக்கொண்டே வரவேண்டும்.