தலைப்பேறும் தாய்வீடும்: தென்காசி வட்டாரத்தில் மகப்பேற்றுப் பணியின் மாற்றம்

தென்காசியிலிருந்து செங்கோட்டை எட்டுக் கிலோமீட்டர்தான். ஆனாலும் 1956 நவம்பர் 1 வரை இரண்டும் ஒரே ஆட்சியின் கீழ் இல்லை. தென்காசியும் குற்றாலமும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. செங்கோட்டை திருவிதாங்கூரோடும், 1949க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. கொள்வினை கொடுப்பினைக்கு இந்த எல்லை தடையாக இருக்கவில்லை. தலைப்பேறு தாய்வீட்டில் என்பது இருபுறத்து வழக்கம். ஆகவே ஓர் அரசின் எல்லைக்குள் சூலுற்றவள் மற்றோர் அரசின் எல்லைக்குள் பிள்ளை பெற்றிருக்கக் கூடும். பேறுகாலம் பார்த்தவர்கள் எப்படி மாறினார்கள் என்பதை ஆராய, பெண்ணின் இந்தப் பயணத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்று கருதுகிறேன்.

பேறுகாலம் பார்த்தவள் மருத்துவச்சி; பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளும் இதைக் குறிக்கின்றன. குடும்பத்தின் மூத்த பெண்களிடம் பழகியே தொழில் கற்றாள். வலி கண்டவளை நடக்கவிட்டாள், இடுப்பைத் தாங்கிப் பிடித்தாள், பேற்றுக்குப் பிறகும் தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்ட வந்தாள். இந்த மரபைப் போற்றுவோர் இரண்டை மறக்கக் கூடாது. சுத்தமில்லாத கருவியால் தொப்புள்கொடி அறுத்ததில் எத்தனையோ சிசுக்கள் ரணஜன்னியால் இறந்தன. ஊருக்கே பிள்ளை எடுத்துக் கொடுத்தவளை, தீட்டின் பெயரால் அதே ஊர் தள்ளியே வைத்தது.

சென்னை மாகாணத்தில் மாற்றம் மருத்துவமனை வழியாக வந்தது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் தோன்றியது. 1885இல் மருத்துவர் மேரி ஷார்லீப் முயற்சியால் சென்னையில் உருவான விக்டோரியா மருத்துவமனையின் பெயரிலேயே ‘சாதி, கோஷா’ என்ற சொற்கள் இருந்தன. ஆண் மருத்துவர் முன் வர முடியாத பெண்களுக்கு அது வழி திறந்தது. சாதிப் பாகுபாட்டையும் பெயரிலேயே ஏற்றுக்கொண்டது. பண்பாட்டை மதிப்பது வேறு, பாகுபாட்டுக்கு இடம் கொடுப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் பதிவு முறையைக் கொண்டுவந்தது.

திருவிதாங்கூரில், 1916இல் தைக்காடு மருத்துவமனைப் பொறுப்பேற்ற மருத்துவர் மேரி புன்னன் லூக்கோஸ், உள்ளூர் மருத்துவச்சிகளின் பிள்ளைகளையே பயிற்சிக்கு அழைத்தார். மருத்துவச்சிகளை எதிராளிகளாக ஆக்காமல் தம் பக்கம் சேர்த்துக்கொண்ட அந்த அணுகுமுறை தொடர்ந்திருந்தால் பல கைப்பழக்கங்கள் அறுபடாமல் இருந்திருக்கும்.

பின்னர் துணைச் சுகாதார நிலையமும் கிராம சுகாதார செவிலியரும் வந்தனர். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு நிலையம் என்பது கணக்கு. தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்ததாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. ரணஜன்னி ஒழிந்ததில் இந்தச் செவிலியர்களின் உழைப்பு பெரியது. அதே ஆய்வில் அறுவைப் பிரசவம் 44.9 விழுக்காடு. மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் 1990களில் தமிழகத்தில் செய்த கள ஆய்வு, மருத்துவமனையில் ஏச்சு வாங்கிய, சம்மதம் கேட்காமல் கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்ட பெண்களின் அனுபவங்களைப் பதிவு செய்தது. 2004இல் அரசு மருத்துவமனைகளில் பிரசவ உடனாளி அனுமதிக்கப்பட்டது நல்ல திருப்பம். நம்பிக்கைக்குரியவர் இடைவிடாது அருகில் இருந்தால் அறுவை குறைகிறது என்று, பதினையாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய காக்ரேன் மதிப்பாய்வு 2017இல் கண்டது. வலியின் முதல் கட்டத்தில் நிமிர்ந்தும் நடந்தும் இருப்பது அந்தக் கட்டத்தைச் சுருக்குகிறது என்பது 2013ஆம் ஆண்டு மதிப்பாய்வின் முடிவு.

பராமரிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்பதைப் பெற்றுக்கொண்டவரே சொல்ல வேண்டும் என்று நியூசிலாந்தின் மாவோரிச் செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் வாதிட்டார். தென்காசி மாவட்டத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில் வராது. கடையநல்லூர் முஸ்லிம் பெண், ஆணின் பார்வை படாத அறையைக் கேட்கக் கூடும். நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றும் பெண்ணுக்குப் பரிசோதனை நாள் என்பது கூலி போகும் நாள். மலையடிவாரத்துப் பளியர் பெண்ணுக்கு முதல் தேவை, தன்னை ஏசாமல் பேசும் ஒருவர்.

இவர்களில் பலர் வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிறார்கள். ஏழு மாதம் அறிந்த செவிலியரை விட்டு, முன்பின் தெரியாதவரிடம் பேறுகாலம் அமைகிறது. பயிற்சி பெற்ற ஒரே மருத்துவச்சியின் தொடர்ந்த கவனிப்பு குறைப்பிரசவத்தைக் குறைக்கிறது என்று சில அயல்நாட்டு ஆய்வுகள் கண்டன. கர்ப்பிணிகளைப் பதிவு செய்து அரசு தரும் பிக்மி (PICME) பதிவெண் பெண்ணோடு கூடவே ஊர் மாறுகிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு, புகுந்த ஊர்ச் செவிலியர் பிறந்த ஊர்ச் செவிலியரை ஒருமுறை கூப்பிட்டுப் பேசலாம்: இவளுக்கு எதில் பயம், யார் உடன் இருக்க வேண்டும் என்கிறாள், முந்தைய பேற்றில் என்ன நடந்தது. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட மகப்பேற்றுச் செவிலியர் வழிகாட்டுதலின்படி பயிற்சி பெறுவோர் இந்த மாவட்டத்துக்கு வரும்போது, அவர்களின் முதல் வேலையாக இதையே முன்மொழிகிறேன்.