குருதிக்கொடையும் மனித மனமும் – ஒரு வரலாற்று நோக்கு

1901ஆம் ஆண்டில் கார்ல் லாண்ட்ஸ்ரைனர் குருதி வகைகள் பற்றிய தமது முடிபுகளை வெளியிட்டதன் பின்னரே, ஒருவர் குருதியைப் பிறிதொருவர்க்குச் செலுத்தும் முறை பாதுகாப்பான நெறியிற் செல்லத் தொடங்கிற்று. அம்மருத்துவ வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. ஆயின், கொடுத்தோர் எதனாற் கொடுத்தனர், கொடாதோர் எதனாற் தயங்கினர் என்னும் வினாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கத்திற் கொடுப்பவரும் பெறுபவரும் அருகருகே கிடத்தப்பட்டனர். கொடுப்பவர், தாம் காக்க முனையும் உயிரைக் கண்ணாற் கண்டார். 1914இல் சோடியம் சித்திரேற்று குருதியை உறையாது காக்கப் பயன்படுத்தப்பட்டதும், இருவரும் ஒருவரையொருவர் காணவேண்டிய தேவை படிப்படியாக நீங்கிற்று. ஊசியைப் பற்றிய அச்சம் அவ்வாறே நிற்க, அதனை வெல்லத் துணைநின்ற நேர்முக இரக்கம் மட்டும் அகன்றது. முகமறியாதவர்க்காக மனத்தை இயக்குவது யாது?

இதற்கு முதல் விடையளித்தவர் இலண்டனைச் சேர்ந்த பேர்சி லேன் ஒலிவர் ஆவார். கம்பர்வெல் செஞ்சிலுவைச் சங்கக் கிளையின் செயலாளராயிருந்த அவர், 1921இல் ஒரு வைத்தியசாலையின் அவசர வேண்டுகோளை ஏற்றுத் தொண்டர் சிலருடன் சென்றார். அவருள் ஒருவரது குருதி பொருந்திற்று. அதன்பின், அழைத்தவுடன் வரக்கூடிய, ஊதியம் பெறாத கொடையாளரின் பதிவேடொன்றை அவர் உருவாக்கினார். பொதுவான இரக்கவுணர்ச்சி, ‘என்னை அழைப்பார்கள்’ என்னும் தனிப்பட்ட கடப்பாடாக இங்கு மாறியமை மனங்கொள்ளத்தக்கது.

1937இற் சிக்காகோவில் பேர்னாட் பன்ரஸ் ‘குருதி வங்கி’ என்னும் பெயரை வழங்கினார். வங்கியெனின் வைப்பும் கடனும் உண்டு; கொடை கணக்காயிற்று. பின்னர் ஐக்கிய அமெரிக்காவிற் குருதியை விற்போரும் பெருகினர். றிச்சட் ரிற்மஸ் 1970இல் வெளியிட்ட ஆய்வில், பணம் பெறுவோர் தம் நோயை மறைக்கத் தூண்டப்படுவர் என்றும், விற்பனை ஈகையுணர்வையே நலிவிக்கும் என்றும் வாதிட்டார். விலையும் கொடையும் உடனிருந்தால் கொடை ஏன் குறையவேண்டும் எனப் பொருளியலறிஞர் கென்னத் அரோ 1972இல் வினவினார்.

2008இல் வெளிவந்த சுவீடன் நாட்டு ஆய்வொன்று இவ்விவாதத்துக்கு ஒளியூட்டிற்று. கொடையாளராதற்குப் பணம் தரப்படுமெனக் கூறியபோது, முன்வந்த பெண்களின் தொகை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. ஆண்களிடம் அத்தகைய குறைவு தெளிவாகக் காணப்படவில்லை. அப்பணத்தை அறநிலையமொன்றுக்கு அளிக்கலாம் என்றதும் பெண்களின் விருப்பம் மீண்டது. எனினும், சிறு பரிசுகள் கொடையாளர் வருகையைப் பெருக்குவதைப் பிற்காலக் கள ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே ரிற்மஸின் கூற்று முழுதும் உறுதிப்பட்டது எனல் பொருந்தாது. கொடுக்கப்படும் பொருளினும், அது கொடையாளர் மனத்திற் பெறும் பொருளே முதன்மையானது எனல் தகும்.

இலங்கையிற் சமய விழா நாள்களிலும், மறைந்தோர் நினைவு நாள்களிலும் குருதிக்கொடை முகாம்கள் நடைபெறுகின்றன. முகமறியாத நோயாளிக்கும் கொடையாளர்க்குமிடையே அறுந்த தொடர்பை, நினைவுகூரப்படும் ஒருவரின் பெயரோ புண்ணியம் பற்றிய எண்ணமோ மீண்டும் இணைக்கின்றது. எனவே, கொடாதோரைத் தன்னலமுடையோர் எனப் பழிக்குமுன், அவர்களை எவ்விதம் அழைத்தோம் என ஆராய்தலே அறிவுடைமையாகும்.